பாலாவி வளைவின் வேலி

இன்று காலை எங்கள் பணிமனை முற்றத்தில் உடைந்த தடுப்பு வேலி ஒன்றை இறக்கினார்கள். வில்லாய் வளைந்த இரும்புத் தகடு. அதன் நீளத்துக்கும் பஸ்ஸின் நீலச் சாயம் இழுபட்டிருந்தது. பக்கத்தில் குந்தியிருந்து தடவிப் பார்த்தேன். உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வீதியோர வேலிகள் பாதுகாப்பானவையா என்று பார்த்துச் சொல்வது நம் இருவரின் வேலை. நான் துருவையும் கழன்ற ஆணிகளையும் பார்ப்பேன். நீ வீதியையும் சேர்த்துப் பார்ப்பாய். பாலாவி வளைவில், உப்பளத்து நீர் வீதியின் விளிம்பு வரை வந்து நிற்கும் இடத்தில், வேலியருகே நின்று என்னைக் கூப்பிட்டாய்.

"இங்க வா. இது என்ட முழங்காலுக்குக்கூட வரல்ல."

தார் போடப் போட வீதி உயர்ந்திருந்தது. வேலி மட்டும் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டது.

"வேலி உறுதியாத்தானே நிக்குது, பிள்ளை?" என்றார் நம் மேலதிகாரி.

"ஓம் சேர், நிக்குது. ஆனா பஸ் வந்து மோதினா தடுக்காது. தடுக்கி விட்டுடும்" என்றாய்.

அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. திரும்பத் திரும்ப அவரை அந்த வளைவுக்கே கூட்டிப் போனாய். கடைசியில் ஒரு நாள், சீமெந்து லொறி ஒன்று நம்மை உரசுவதுபோலக் கடந்தபோது, அவர் தன்னையறியாமல் வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்துவிட்டார். அவ்வளவு எளிதாகத் தாண்ட முடிந்தது. வேலியை உயர்த்த அன்றே சம்மதித்தார்.

அப்போது உனக்குப் புற்றுநோய்க்கு வைத்தியம் தொடங்கியிருந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு, புதுக் கம்பங்கள் இறங்குவதை வெயிலில் நின்று பார்த்தாய். "வீட்ட போவமா?" என்றால், "இது முடியட்டும்" என்பாய். வேலை முடிந்தது. சில மாதங்களில் நீயும் கண்ணை மூடிவிட்டாய்.

நேற்று மழையில் கல்பிட்டி பஸ் அங்கே சறுக்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது, வேலி வளைந்து கொடுத்து, பஸ்ஸைத் தன்னோடு உராயவிட்டே நிறுத்தியிருந்தது. அப்பால் வெறும் நீர். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் அழுத பிள்ளைக்குப் பாண் பிய்த்துக் கொடுத்தாள். "புது வேலி நாசமாப் போச்சே" என்றார் பார்த்து நின்ற ஒருவர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பஸ் சாரதி என்னிடம் வந்தார். "இத உயத்தி வெச்சது யாரு?"

உன் பெயரைச் சொன்னேன்.

"அவங்களப் பாக்கணுமே. எங்க ஈக்கிறாங்க?"

"இப்ப இல்ல. நோயில மோசம் போயிட்டாங்க."

அவர் முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பேர இன்னொருக்காச் சொல்லுங்க. தொழுதிட்டு அவங்களுக்காகத் துஆ கேக்கணும்" என்றார். மழைக்குள் நின்று உன் பெயரை உரக்கச் சொன்னேன். அவர் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கல்பிட்டி வரைக்கும் எல்லா வேலிகளையும் அளந்து வரும்படி இன்று உத்தரவு வந்தது. "மழை ஓயட்டுமே" என்றார் மேலதிகாரி. "இல்ல சேர், மழையிலதானே பஸ் சறுக்குது" என்றேன். கூட்டங்களில் வாய் திறக்காத நான்தான் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, வாகனம் எடுக்க அனுமதித்து ஒப்பமிட்டார். உன் பிடிவாதம் என்னிடம் வந்து சேர்ந்திருப்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.