உன் அளவில் ஓர் ஆர்டர்

இன்று காலை உன் அட்டையை ஆணியிலிருந்து கழற்றினேன். மற்ற அளவு அட்டைகளுக்கெல்லாம் பின்னால் கடைசியாகத் தொங்குவது அதுதான். மேல்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. பழைய வீட்டில் அது தொங்கிய சுவரில்தான் நீ தலையைச் சாய்த்து உட்காருவாய். தள்ளி உட்கார் என்று நானும் சொல்லாத நாளில்லை, நீயும் கேட்ட நாளில்லை. துணிமேல் அட்டையை வைக்கக் குனிந்தபோது அந்தத் தேங்காயெண்ணெய் வாசனை லேசாக வந்தது. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேலை நேரத்தில் நான் சும்மா உட்கார்ந்தால் உனக்குப் பிடிக்காது, தெரியும். இருந்தாலும் உட்கார்ந்தேன்.

தாராவியில் நம் இரண்டு பேருக்கும் எதிரெதிர் வீடு. நடுவில் ஓர் ஆள் நடக்கிற சந்து. நான் நைட்டி வெட்டித் தைப்பேன், நீ விற்பாய். கடை என்று நமக்கு எதுவும் கிடையாது. தண்ணீர் வரும் நேரத்துக்குக் குழாயடிக்குப் போவாய், குடத்தோடு நாலு நைட்டியும் இடுப்பில் இருக்கும். மாஹிம் பக்கத்துக் கட்டடங்களுக்குப் போனால் அதையே ‘காவுன்’ என்று சொல்லி இந்தியில் விற்றுவிட்டு வருவாய். யாரிடமும் அளவு கேட்க மாட்டாய். ஒரு பார்வைதான். “இது உனக்குப் பத்தாதுட்டி, அத எடு” என்பாய். அவளும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொள்வாள். நாம் விற்ற நைட்டி திரும்பி வந்ததே இல்லை. கை இறுக்கம் என்று யாராவது வந்தால் அவளை அங்கேயே நிறுத்தி, என்னைத் தையல் பிரிக்கச் சொல்லி, சரிசெய்து அனுப்பிவிடுவாய்.

நம் அட்டைகளுக்கு எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. பேர்தான். ஒல்லியானவர்களுக்கு மேரி அட்டை, நடுத்தரத்துக்குப் பார்வதி அட்டை, பெரிய உடம்புக்குச் செல்லத்தாய் அட்டை. மூன்று பேரும் நம் சந்துக்காரிகள். அவர்களை நிறுத்தி வைத்துத்தான் நான் முதன்முதலில் அட்டை வெட்டினேன். “ரெண்டு மேரி, நாலு பார்வதி தை” என்று நீ வாசலிலிருந்து சத்தம் போட்டால் எனக்கு எல்லாம் விளங்கிவிடும்.

பிறகு, கட்டடம் வரப் போகிறது, சந்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்ல வந்தார்கள். அன்றிலிருந்து எல்லார் வீட்டிலும் இதே பேச்சு. பார்வதி டோம்பிவிலிக்குப் போகிறாளாம், மேரி வாஷிக்காம். எனக்காவது வீட்டுக்காரர் சம்பளம் இருந்தது. உனக்கு அந்த நைட்டி வியாபாரத்தை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் என் வாசலில் வந்து நின்றாய். உன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

“சந்து போயிட்டா நம்ம நைட்டிய யாருட்டி வாங்குவா? எல்லாவளும் தெசைக்கு ஒருத்தியால்லா போறாளுவ. நான் எந்தக் குழாயடிக்குப் போவேன்?”

நீயே போனை எடுத்து நீட்டினாய். ரயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், போனிலேயே கடை போடலாம், இந்தியா முழுக்க வாங்குவார்கள் என்று. உனக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. எனக்குப் படிக்க வரும், அதுவும் எழுத்துக் கூட்டித்தான். ஆக நான் ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் படிக்க, நீ அர்த்தம் சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆளாகி அந்தக் கடையைத் திறந்தோம். பான் கார்டு கேட்டது, பேங்க் கணக்கு கேட்டது, கடைக்குப் பேர் கேட்டது. நாம் யோசித்த பேரையெல்லாம் எவளோ ஏற்கெனவே வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுவரில் கட்டி, ஹேங்கரில் நைட்டியை மாட்டிப் படம் எடுத்தோம். “தொவைச்சுக் காயப்போட்டாப்ல இருக்கு” என்று நீ உதட்டைப் பிதுக்கினாய். ஆனாலும் போட்டோம்.

அளவு கேட்ட இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம். எஸ், எம், எல் என்று இருந்தது. அதில் நமக்கு யோசனையே இல்லை. மேரி எஸ், பார்வதி எம், செல்லத்தாய் எல். கீழே மார்புச் சுற்றளவு எத்தனை அங்குலம் என்று கேட்டது. டேப்பை எடுத்து அட்டையை அளந்திருக்கலாம். நமக்கு அது தோன்றவில்லை. எம் என்றால் எல்லா ஊரிலும் எம்தானே என்று, வேறொரு கடைக்காரி போட்டிருந்த எண்களைப் பார்த்து அப்படியே போட்டுவிட்டோம்.

முதல் ஆர்டர் வந்தபோது, போணிக் காசை ஒற்றிக்கொள்வது போலப் போனை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாய். மிச்சத் துணியில் நான் தைத்த கூந்தல் பட்டை ஒன்றைக் கொசுறாக உள்ளே வைத்தாய். பிஸ்மில்லா சொல்லி டேப் ஒட்டினாய். நான் என் பங்குக்குச் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். எந்தப் பக்கம் பலித்ததோ, ஆர்டர் அடுத்தடுத்து வந்தது. நாம் பேர் கேள்விப்படாத ஊர்களுக்கெல்லாம் நம் நைட்டி போயிற்று.

போனது திரும்பியும் வந்தது.

முதல் பார்சல் திரும்பி வந்தபோது விலாசம் தப்பு என்று நினைத்தோம். அப்புறம் வரிசையாக வர ஆரம்பித்தது. எல்லாம் எம். எழுதியிருந்ததை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இது காவுனா கூடாரமா என்று ஒருத்தி. எனக்கும் என் மாமியாருக்கும் சேர்த்து அனுப்பிவிட்டீர்களா என்று இன்னொருத்தி. நீ சிரிப்பாய் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பார்சல்களை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்களின் போன் நம்பர் கிடைக்குமா என்று கேட்டாய். பேசினால் சரியாகிவிடும், பக்கவாட்டில் கொஞ்சம் பிடித்துத் தைத்துத் தரலாம் என்றாய். நம்பர் தர மாட்டார்கள் என்றேன். “மொகம் தெரியாது, பேச்சும் கெடையாது. பெறவு என்ன யாவாரம்ட்டி இது?” என்றாய். உன் வாய்தான் நம் கடை. அந்த இடத்தில் வாயைத் திறக்க வழியே இல்லாமல் போயிற்று. அன்று எனக்கு உன்மேல் வந்த பாசத்தை எப்படிச் சொல்லுவது என்று தெரியாமல், டீ போட்டுக் கொடுத்தேன்.

இப்படியே சரக்கு திரும்பி வந்தால் கடையை மூடிவிடுவோம் என்று போனில் எச்சரிக்கை வந்தது. அன்று சாயங்காலமே டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சந்தில் இறங்கினாய். மேரியை அளந்தோம், அட்டைக்குச் சரியாக இருந்தாள். செல்லத்தாய் கையைத் தூக்கவே மாட்டேன் என்றாள். “என் இடுப்பளவ இந்தியா முழுக்கப் போடப் போறியளோ?” என்று சண்டைக்கு வந்தாள். பேர் போட மாட்டோம், சுற்றளவு மட்டும்தான் என்று நீ அவளைச் சமாதானப்படுத்தினாய். அவளும் சரியாகத்தான் இருந்தாள். பிறகு பார்வதி. டேப்பைச் சுற்றிப் பார்த்தேன், அட்டையோடு ஒட்டவேயில்லை. மறுபடி சுற்றினேன். அட்டையில் இன்னொரு ஆள் நுழைகிற இடம் இருந்தது.

பார்வதி அட்டையை வாங்கித் தன் வயிற்றில் வைத்துப் பார்த்தாள்.

“எக்கா, இது வெட்டும்போது எனக்கு மாசம்லா. மூத்தவன் வயித்துல கெடந்தான்.”

அந்த மூத்தவன் அப்போது சந்து முனையில் மீசையோடு பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடமும் நம் சந்துப் பெண்கள் எல்லாரும் நிறைமாத நைட்டியைத்தான் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போடுவதுதானே, காற்றோட்டமாக இருக்கிறது என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நீ அந்தச் சந்திலேயே, ஈரத் தரையென்றும் பார்க்காமல் உட்கார்ந்து சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். “வயித்துப் புள்ளைக்கும் சேத்துல்லா துணி குடுத்துருக்கோம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். போயிருந்த உயிர் எனக்கு அப்போதுதான் திரும்பி வந்தது.

பார்வதியின் அட்டையைப் புதிதாக வெட்டினேன். எண்களை நம் டேப்பால் அளந்து போட்டோம். திரும்பி வருவது மெல்ல மெல்லக் குறைந்தது. கடையை மூடவில்லை.

அதற்கப்புறம்தான் உன்னைப் பற்றி யோசித்தேன். நீ குட்டை, உடம்போ செல்லத்தாய்க்கு ஈடு. எந்த அட்டையும் உனக்கு ஆகாது. செல்லத்தாய் நைட்டியை எடுத்து, கீழே ஒரு சாண் மடித்துத் தைத்துத்தான் போட்டுக்கொள்வாய். படி ஏறும்போது தையல் பிரிந்து காலில் தட்டும். அத்தனை பேருக்குப் பார்வையாலேயே அளவு சொன்னவள், உனக்கென்று ஓர் அளவு கேட்டதே இல்லை. நானும் தைப்பவள்தான், எனக்கும் தோன்றியதில்லை. ஒரு நாள் உன்னைப் பிடித்து நிறுத்தி அளந்து அட்டை வெட்டினேன். கடையில் இதையும் ஓர் அளவாகப் போடுவோம் என்றேன்.

“கிறுக்கச்சி. என்னைய மாதிரி கட்டையும் குட்டையுமா இந்தியாவுல வேற எவ இருக்கா?”

இருப்பாள் என்றேன். ஹேங்கரில் மாட்டினால் இந்த அளவு புரியாது என்று நீயே போட்டுக்கொண்டு நின்றாய். முகம் மட்டும் வேண்டாம், உம்மா திட்டுவாள் என்றாய். கழுத்துக்குக் கீழே படம் எடுத்தேன். பச்சைப் பூப்போட்ட நைட்டி, இடது கை இடுப்பில், மடிப்பே இல்லாமல் கணுக்கால் வரை சரியாக விழுகிற துணி. அன்று நீ சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எத்தனை தடவை நடந்தாய்! காலில் தட்டவில்லை என்று எல்லாரிடமும் காட்டினாய். அந்த அளவில் ஆர்டர் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. “சொன்னேம்லா” என்று அடிக்கடி குத்திக்காட்டுவாய்.

சந்து காலியாயிற்று. நானும் நீயும் மட்டும் பிரியாமல் இருக்கவேண்டும் என்று, தாராவியிலேயே பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போனோம். குழாயடி வியாபாரம் போன பிறகும் உன் அடுப்பு எரிந்தது, நம் போன் கடையால்தான். அப்புறம் உனக்குச் சர்க்கரை கிட்னியைப் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் வந்தாய். உடம்பு இளைக்க இளைக்க உன் நைட்டியே உனக்குக் கூடாரம் ஆயிற்று. ஒரு நாள் மேரி அட்டையில் ஒன்று தைத்து எடுத்து வந்தேன். போட்டுப் பார்த்தாய். தோள் சரியாக இருந்தது. “ஒல்லியாவணும்னு ஆசப்பட்டேன், அல்லா இப்படிக் குடுத்துட்டான் பாரு” என்று சிரித்தாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் அட்டைய வெட்டிச் சின்னதாக்கிராதட்டி, அது அப்படியே கெடக்கட்டும்” என்றாய். ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய் அழுதேன்.

நீ போன அன்று உன் வீட்டுப் பெண்கள் உன்னைப் போர்த்துகிற கஃபன் துணி வெட்ட என் கத்திரியைத்தான் வாங்கிப் போனார்கள். நல்ல கூரான கத்திரி வேண்டும் என்றார்களாம், யாரோ என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். வாசலில் நின்றபடி, உள்ளே துணி வெட்டுபடுகிற சத்தத்தைக் கேட்டேன். உனக்கு நான் வெட்டாத ஒரே துணி அது. கத்திரியைத் திருப்பிக் கொடுத்தபோது சேலையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அதில்தான் இன்னும் வெட்டுகிறேன்.

கடையிலிருந்து உன் படத்தை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். கை வரவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது, முகமா இருக்கிறது என்று விட்டுவிட்டேன். போன மாதம் அந்தப் பச்சைப் பூ நைட்டிக்கு ஓர் ஆர்டர் வந்தது. உன் அளவில், முதல் ஆர்டர். ஏதோ மலைப்பக்கத்து ஊர். தவறிக் கைபட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் தைத்தேன். கூந்தல் பட்டை வைத்தேன். டேப் ஒட்டும்போது, உனக்காக, உன் பிஸ்மில்லாவை நான் சொன்னேன். திரும்பி வந்துவிடுமோ என்று தினமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரவில்லை. இன்று காலையில் அதே பெண் வேறு இரண்டு நிறத்தில் கேட்டிருக்கிறாள். கூடவே இந்தியில் இரண்டு வரி எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அர்த்தம் சொல்ல நீ இல்லை, நானே மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். “என் வாழ்நாளில் கீழே மடித்துத் தைக்காமல் போட்ட முதல் காவுன் இதுதான், படத்தில் இருக்கிற அக்காவைப் பார்த்ததும் என்னைப் போலவே இருக்கிறாரே என்று வாங்கினேன், அவரிடம் சொல்லுங்கள்” என்று எழுதியிருக்கிறாள்.

சொல்லிவிட்டேன். எழுந்து வெட்டப் போகிறேன்.