அலுமாரிப் போத்தலின் மட்டம்

1982 யூலை 3, சனி

அம்பாறைக்குப் போன இவர் ஒரு போத்தலைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார். மண்ணெண்ணெய் என்று நினைத்தேன். வைன்! கடையில் இருந்ததிலேயே மலிவானதாம். சாப்பாட்டோடு அரைக் கிளாஸ். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மூக்கருகே வைத்து மணந்தார், ஒரு மிடறை வாய்க்குள் வைத்து உருட்டினார். "இருமல் மருந்து" என்றார். மிச்சத்தையும் குடித்தார்.

யூலை 4, ஞாயிறு

 இன்று கேட்டுவிட்டேன். போன வருசம் சாராய வெறியில் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்தவர் இவர் — நீர்ப்பாசனக் கந்தோர் ஓவசியர், தான் காவல் பார்க்கிற வாய்க்காலுக்குள்! அதன் பிறகு அம்மன் முன்னால் நின்று சொன்னார்: "இனிச் சாராயம் தொட்டா இந்தக் கால் தீயில வேகட்டும்." பக்கத்தில் நின்று கேட்டவள் நான்.

"சாராயம் எண்டுதானே சொன்னன். இது கொடிமுந்திரிகைப்பழச் சாறு" என்கிறார் இப்போது. நாளும் அரைக் கிளாஸ் குடிக்கத் தோதான, விலையும் கையைக் கடிக்காத ஒன்றைக் கண்டுபிடிக்கப் போகிறாராம்.

வார்த்தையில் ஓட்டை தேடி நுழைகிற ஆள். ஒக்டோபரில் கோயில் திருவிழாவில் தீ மிதிக்கவும் இறங்குவார். அம்மன் என்ன, அகராதி பார்த்தா நெருப்பைக் குளிர வைப்பா? அந்தக் கால்களுக்காக அம்மன் படத்துக்கு ஒரு விளக்குக் கொளுத்தி வைத்தேன்.

யூலை 17, சனி

மூன்றாவது போத்தல். இரண்டாவதில் அழுகின பலாப்பழ மணம் என்று தீர்ப்புச் சொன்னவர், இதைக் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடினார். வைனுக்குப் பாட்டு வருமா? சாராயத்துக்குத்தான் வரும். இந்த மனுசன் அதை இதற்குள் கலக்கிறார்.

யூலை 19, திங்கள்

காலையில் இவர் கந்தோருக்குப் போனதும் அலுமாரியைத் திறந்தேன். மணந்து பார்த்தேன், பிடிபடவில்லை. தேக்கரண்டியில் கொஞ்சம் நாக்கில் விட்டேன். சீ! பச்சைப் பாக்கை மென்றதுபோல் வாய் இழுத்தது. சாராயம் இல்லைப்போலத்தான் இருக்கிறது. என்றாலும் லேபலின் ஓரத்தில் மட்டத்துக்கு நேரே பென்சிலால் ஒரு சின்னக் கோடு இழுத்து வைத்தேன்.

யூலை 29, வியாழன்

பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகுமுன் தினமும் பார்க்கிறேன். இன்று கலக்காதவர் நாளைக்குக் கலக்கலாம்தானே? ஒரு கரண்டியில் ஒன்றும் தெரியாது. இரண்டாவதில்தான் நாக்குக்குப் புரிகிறது.

ஓகஸ்ட் 14, சனி

ஐந்தாவது, வெறும் சீனித்தண்ணி. நாலாவதுதான் பரவாயில்லை. அளவான புளிப்பு, கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. சூரைமீன் குழம்புக்குப் பொருந்தும் — நான் ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன்?

செப்டெம்பர் 9, வியாழன்

இன்று மானம் போகப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் முனவ்வறா டீச்சர் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தா.

"டீச்சர், ஒங்கள்ள ஒரு மணம் வருது. மருந்துக்கு அரிஷ்டம் ஏதும் குடிக்கிறீங்களா?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

"பேரச் சொல்லுங்க டீச்சர். நம்மட உம்மாக்கும் கால் உளைவு. வாங்கிக் குடுப்பம்."

ஐந்து நேரமும் தொழுகிற சபியா உம்மாவுக்கு இவருடைய முந்திரிகைச் சாறா! பேர் மறந்துபோச்சு என்று சமாளித்தேன். முனவ்வறா நம்பினாவா, இல்லை, எல்லாம் தெரிந்துதான் கேட்டாவா? எல்லாம் இந்த மனுசனால் வந்த வினை.

செப்டெம்பர் 10

அசல் அரிஷ்டம் ஒரு போத்தல் வாங்கி முனவ்வறாவிடம் கொடுத்தேன். திறந்து மணந்துவிட்டு, "மணம் வேறயா இருக்கே டீச்சர்" என்றா.

செப்டெம்பர் 20, திங்கள்

நாலாவது சாதியைத்தான் திரும்பவும் வாங்கி வந்திருக்கிறார். "இதுதான் தோது" என்று இன்றைக்குத்தான் கண்டுபிடித்தாராம். எனக்குப் போன மாதமே தெரியும்.

நாளைக்குக் கோயிலில் திருவிழா தொடங்குகிறது. தீ மிதிக்கும்வரை இதையும் தொடமாட்டேன் என்று அலுமாரிக்குள் வைத்துவிட்டார். முக்கால் போத்தல் இருக்கிறது. கோடு போட்டுவிட்டேன்.

ஒக்டோபர் 3, ஞாயிறு

கோட்டுக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருக்கிறது! பாவி மனுசன், விரதத்திலுமா? விரதத்துக்குக் கோயிலிலேயே தங்கியிருப்பவர், குளிக்க வருகிறேன் என்று வந்து வந்து போனது இதற்குத்தானா? ஐந்து நாளில் தீக்குள் இறங்கப் போகிற கால்!

போத்தலைத் திருப்பினேன். மறுபக்கம் வேறு கோடுகள். அடிமட்டக்கோல் வைத்து நேராக இழுத்தவை. ஒவ்வொன்றுக்கும் திகதி, நேரம். 21/9 மாலை 5. 24/9 மாலை 5. 28/9. 2/10. கந்தோர்ப் புத்தகத்தில் இவர் குளத்து நீர்மட்டம் எழுதுகிற அதே கையெழுத்து.

களவாகக் குடிக்கிறவன் திகதி போட்டு வைப்பானா? அப்போ இவர் குடிக்கவில்லை. இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. பிறகு கரண்டி எதற்கு என்று கிளாஸ். விரதக்காரர் குடிக்காத போத்தலை நான் தினமும் எதற்குச் சோதித்தேன்? சீ, எனக்கே வெட்கமாய்க் கிடக்குது. எவ்வளவு நாளாகத் தெரியும் இவருக்கு? ஏன் ஒரு சொல் கேட்கவில்லை?

ஒக்டோபர் 8, வெள்ளி

இறங்கி நடந்து வந்துவிட்டார். கூட்டத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். வந்து காலைத் தூக்கிக் காட்டினார். சாம்பல்தான், ஒரு கொப்பளம் இல்லை. நான் அழுதுவிட்டேன்.

"நீ ஏன் பயப்பட்டாய் சாரதா? சத்தியம் பண்ணினது நான்தானே" என்றார்.

என்ன அர்த்தத்தில் சொன்னார்?

ஒக்டோபர் 16, சனி

காலையில் அம்பாறைக்கு வெளிக்கிட்டார். போத்தலைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று செருப்பை மாட்டியபடி, என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"அதையேதான் வாங்கவா?"

"ஓம்."

"ஒண்டு காணுமா, ரெண்டு வேணுமா?"

"காணாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். இவர் சிரிக்கவில்லை. பெரிய பையாக ஒன்று எடுத்துத் தரச் சொன்னார்.