பாலத்தில் கட்டிய தார்ப்பாய்

சென்னை
5.4.2025

அன்புள்ள தம்பி ஜோசுவாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். நீ பாலத்து வேலையை விட்டு ஆம்பூருக்கே வந்துவிட்டாய் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாதில்லையா, அதனால் எழுதுகிறேன்.

உன் சிநேகிதன் காஷிஃப் எப்படி இருக்கிறான்? விழுந்து உடைந்த இடுப்பெலும்பு கூடிவிட்டதா? தொங்குபாலம் ஏன் அப்படி ஆடியது என்று விசாரிக்கும் பொறுப்பு எங்கள் காற்றுச் சோதனைக் கூடத்துக்கே வந்திருக்கிறது. பாலத்தின் சின்ன மாதிரியைக் காற்றில் வைத்துப் பார்த்தவள் நானே என்பதால், அறிக்கையும் நானே எழுத வேண்டுமாம்.

கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதே. அம்மா வருத்தப்படுகிறாள்.

உன் அன்பு அக்கா,
ஃபீபி


ஆம்பூர்
12.4.2025

அக்காவுக்கு,

நான் நலம். காஷிஃப் நலமில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போகிறான். அவன் அம்மா அக்தரி பேகம் வீட்டிலேயே ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து இவனும் தைக்கிறான். தோல் பதனிடும் டேனரியில் ஒழுங்காக வேலை பார்த்தவனை, “கடல் காத்து வாங்கலாம் வாடா” என்று கொங்கணக் கடற்கரைப் பாலத்து வேலைக்குக் கூட்டிப்போனவன் நான்தான்.

நடந்தது உனக்கும் தெரியும். ஆனாலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். நோன்பு மாதம். பாலத்தின் மேல் பொட்டு நிழல் கிடையாது. நம்மூர்ப் பையன்கள் தண்ணீர் கூடக் குடிக்காமல் வெல்டிங் பிடித்தார்கள். கைப்பிடிக் கம்பியில் தார்ப்பாய் கட்டலாமா என்று உன்னைப் போனில் கேட்டேன். “காத்து கம்மியாதான இருக்கு. பாவம், நோன்புப் பிள்ளைங்க. சாயங்காலம் வரைக்கும் கட்டிக்கோ” என்றாய். மதியமே பாலம் மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது. ஏணியில் நின்ற காஷிஃப் விழுந்தான்.

யாரையும் கேட்காமல் கட்டினேன் என்று என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். உன் பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் கேட்காமல் கட்டியதாகவே உன் அறிக்கையும் சொன்னால் காஷிஃபுக்கு நஷ்ட ஈடு கிடையாதாம். கம்பெனியில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஈஸ்டருக்கு வருவாயா என்று அம்மா கேட்கிறாள்.

ஜோசுவா


சென்னை
23.4.2025

அன்புள்ள தம்பிக்கு,

ஈஸ்டருக்கு வர முடியவில்லை. வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். உன்னிடம் பொய் எதற்கு? ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கக் கால் வரவில்லை.

புயல் வந்தால்தான் ஆபத்து என்று ஊரே நினைக்கும். நான் அப்படி நினைக்கக் கூடாதவள். கம்பிகளுக்கு நடுவே புகுந்து போக வேண்டிய காற்றைத் தார்ப்பாய் மறித்துவிட்டது. மறிபட்ட காற்று மேலும் கீழும் சுழன்று பாலத்தை மாறி மாறித் தள்ளியது. ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் மெல்லத் தள்ளினாலே போதும், உயரப் போய்விடும். அதற்கு மெல்லிய காற்றே ஜாஸ்தி. ஆட்டத்தை அடக்கும் எடைகளை அடியில் மாட்டிவிட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாட்டவில்லை. நீ கேட்கிறாயே என்று சரி சொல்லிவிட்டேன். வேறு யார் கேட்டிருந்தாலும் நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். காற்று புகுந்து போகும் வலையை, ஓரத்தைத் தொடாமல் தலைக்கு மேலே விரித்தால் மாதிரிப் பாலம் அசையவே இல்லை. இனி எந்தப் பாலத்திலும் பிள்ளைகளுக்கு நிழல் கிடைக்கும்.

அறிக்கையில் “அனுமதியின்றித் தார்ப்பாய் கட்டப்பட்டது” என்று இருக்கிறது. எழுத்தில் அனுமதி தரவில்லை என்பது உண்மைதானே? கையெழுத்துப் போட்டுவிட்டேன். காஷிஃபுக்கு என்னால் ஆனதை மாதாமாதம் அனுப்புகிறேன். என்னைத் தப்பாக நினைக்காதே.

உன் அக்கா,
ஃபீபி


ஆம்பூர்
3.5.2025

அக்காவுக்கு,

வலை நல்ல காரியம். மாதாமாதம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் காஷிஃபிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவன் சிரித்தான்.

“டேய், அன்னிக்கி போனை ஸ்பீக்கர்லதான போட்டிருந்த? அக்கா சொன்னது எனக்கும் கேட்டுச்சி.”

“அப்புறம் ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?”

“இன்னா சொல்றது? நமக்கோசரம்தான சொன்னாங்க. அவங்களே வந்து சொல்வாங்கன்னு இருந்தேன்.”

அவன் அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை, அக்கா. ரம்ஜானுக்கு வருவாய் என்று பார்த்தானாம். ஈஸ்டருக்காவது வருவாய் என்று பார்த்தானாம். இப்போது கதவு தட்டினால் அவன் தலை நிமிர்வதில்லை, தைத்துக்கொண்டே இருக்கிறான்.

இதுவரை உன் மேல் கோபமாக இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது. இனி நான் எழுத மாட்டேன்.

ஜோசுவா


சென்னை
9.5.2025

அன்புள்ள தம்பி ஜோசுவாவுக்கு,

நீ பதில் எழுத வேண்டாம். படித்தால் போதும்.

அறிக்கையைத் திரும்ப வாங்கி அந்த வரியை மாற்றிவிட்டேன். “தொழிலாளர்கள் கேட்டார்கள். சோதனைக் கூடத்தின் பொறியாளர் ஃபீபி போனில் அனுமதித்தார். எடைகள் மாட்டப்பட்டனவா என்று அவர் கேட்கவில்லை.” மேலதிகாரி படித்துவிட்டு, “நல்லா யோசிச்சீங்களா?” என்றார். “இத்தனை நாள் யோசிச்சதுதான் சார் தப்பாப் போச்சு” என்றேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வலைச் சோதனையை இன்னொருவரிடம் ஒப்படைத்தேன். நஷ்ட ஈட்டை இனி கம்பெனி மறுக்க முடியாது என்று வக்கீல் சொல்கிறார்.

இதையெல்லாம் செய்த பிறகும் மனசு ஆறவில்லை. உனக்கு எழுதினேன், ஆபீசுக்கு எழுதினேன். விழுந்தவனுக்கு ஒரு வரி எழுதவில்லை.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. அம்மாவிடமும் சொல்லாதே. முதலில் காஷிஃப் வீட்டுக்குத்தான் போவேன். அக்தரி அம்மா என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்வேன்.

“கட்டிக்கோ” என்று அன்று நான் சொன்னதை அவன் தன் காதால் கேட்டான். “நான்தான் சொன்னேன்” என்பதையும் அவன் காதாலேயே கேட்கட்டும்.

ஃபீபி