பீரோவில் இருக்கும் லிஃப்டர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று உன் தம்பி மனைவி உன்னிடம் போனில் சொன்னதாக அறிந்தேன். சித்தியிடமும் சொல்லியிருக்கிறாள். முட்டை என்று நினைத்து இஞ்சின் சாமான்களைப் பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறேனாம். அது தவறு. முட்டை அட்டையில் இருப்பவை லிஃப்டர்கள் என்று எனக்குத் தெரியும். எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதும் தெரியும். ஒவ்வொரு குழியிலும் பென்சிலால் எண் எழுதி, எண்ணெய் தடவி, துணி சுற்றிப் போர்வைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். போர்வை எடுக்கப் போனவளின் ரவிக்கையில் எண்ணெய் பட்டுவிட்டது. அந்த அளவுக்கு அவள் குறை சொல்வது நியாயம்தான்.

கண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இப்போது எழுத்து நன்றாகத் தெரிகிறது. இந்தத் தாளில் வரி எங்காவது வளைந்திருந்தால் அது கையின் குற்றம், கண்ணின் குற்றமல்ல. கான்வென்ட்டில் இப்படி எழுதியிருந்தால் சிஸ்டர் தாளைக் கிழித்து என் கையிலேயே கொடுத்திருப்பார். இன்னொரு முறை எழுத எனக்குத் தெம்பில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, ஆனாலும் முழுதாக எழுதினால்தான் எனக்குத் திருப்தி. இஞ்சினில் லிஃப்டர் தள்ளித் திறக்கும் வால்வை ஸ்பிரிங்தான் இழுத்து மூடுகிறது. பந்தயப் படகின் இஞ்சினில் ஸ்பிரிங் சீக்கிரம் களைத்துப்போகும். வெளியே பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும், அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். உன் அப்பா இருந்த காலத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் மீட்டரில் வைத்து அழுத்திப் பார்ப்பது என் வேலை. நீ இங்கே இருந்தவரை நாம் இருவரும் செய்தோம். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது அந்த வேலையை உன் தம்பி செய்தான்.

கட்டு அவிழ்த்த பிறகு கீழே பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். பந்தயத்துக்குப் போகும் பெரிய படகின் இஞ்சின் திறந்திருந்தது. ஸ்பிரிங்குகளுக்கு அடியில் மெல்லிய இரும்பு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறான். தளர்ந்த ஸ்பிரிங்கை அப்படி முட்டுக் கொடுத்து இறுக்கினால் மீட்டரில் சரியான அளவைக் காட்டும். ஆனால் உள்ளே களைப்பு களைப்பாகவேதான் இருக்கும். புதிய ஸ்பிரிங் செட் வரத் தாமதமாகியிருக்கிறது, படகுக்காரருக்கு இவன் வாக்குக் கொடுத்துவிட்டான். அதுதான் கதை.

நான் கேட்டதற்கு, "மீட்டர்ல சரியாத்தானேம்மா காட்டுது" என்றான். வளையத்தை எடுத்துவிட்டு அழுத்திக் காட்டு என்றேன். காட்டவில்லை. "ஒரே ஒரு ரேஸ்தாம்மா. முடிஞ்சதும் எல்லாத்தையும் மாத்திடறேன்" என்றான். யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே, "நான்தான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

முழு வேகத்தில் ஒரு ஸ்பிரிங் உடைந்து வால்வு உள்ளே விழுந்தால் இஞ்சின் அந்த இடத்திலேயே இறுகிவிடும். படகு மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு புரளும். இதை அவன் என்னைவிட நன்றாக அறிவான்.

லிஃப்டர்களைக் கழுவி அட்டையில் காயவைத்திருந்தான். அவை இல்லாமல் இஞ்சினைப் பூட்ட முடியாது. அட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். முழங்கால் வலியால் நடுவில் இரண்டு முறை நின்றேன். ஒன்றுகூட இடம் மாறவில்லை. ஒவ்வொன்றும் அதைத் தள்ளுகிற கேம் ஷாஃப்ட் தண்டில் தனக்குரிய மேட்டோடு தேய்ந்து பழகியது. மாற்றிப் போட்டால் இரண்டுமே கெடும். அவனைத் தடுக்கத்தான் எடுத்தேனே தவிர, வேலையைக் கெடுக்க எடுக்கவில்லை.

நான் ஏன் எடுத்தேன் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வளையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டுமே. படகுக்காரர் நேற்று பட்டறை வாசலில் நின்று, "என்னப்பா, உங்கம்மா அடைகாக்கிறாங்களாமே, குஞ்சு எப்ப பொரியும்?" என்று கேட்டார். வேலையாட்கள் சிரித்தார்கள். இவனும் சேர்ந்து சிரித்தான். மேலே ஜன்னலருகே நான் இருந்தது அவனுக்குத் தெரியும்.

நானும் வாயைத் திறக்கவில்லை. பட்டறை முதலாளி முட்டுக் கொடுத்து இஞ்சின் பூட்டுகிறவன் என்று பேராகிவிட்டால் பிறகு யாரும் படகை இங்கே விடமாட்டார்கள். அதைவிடக் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்ற பேர் மேல். வெள்ளிக்கிழமை என்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறார்களாம். "சும்மா ஒரு செக்கப்தான் அத்தை, நாலு கேள்வி கேப்பாங்க, பயப்படாதீங்க" என்கிறாள் உன் தம்பி மனைவி, ஏதோ நான் ஒன்றாம் வகுப்பில் சேரப் போவதுபோல. அன்றைக்கு என்ன கிழமை என்று டாக்டர் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவேன். தெரியாததுபோல் நடிக்க எனக்கு வராது. அதன் பிறகு பீரோவைப் பற்றிக் கேட்பார்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. யோசித்து யோசித்துச் சலித்துவிட்டது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பீரோ பூட்டியில்லை. சாவி அதிலேயே தொங்குகிறது. அவன் தினமும் மதியம் சாப்பிட மேலே வருகிறான். பீரோவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கீழே போகிறான். "நீங்க தரலேன்னா நான் வேற லிஃப்டர் செட் வாங்கிக்கிறேன்" என்று முதல் நாள் சொன்னதோடு சரி. கடை பின்தெருவில்தான் இருக்கிறது. போகவில்லை. அவனுக்கும் பயமாக இருக்கிறது, மகளே. வேண்டாம் என்று தானாகச் சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறான். யாராவது தடுக்க வேண்டும். நான் தடுத்தால் அது பைத்தியக்காரத்தனம் என்றாகிறது.

நீ தடுத்தால் அப்படி ஆகாது. நீ ஸ்பிரிங் சோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாய். இப்போது இருக்கும் ஸ்பிரிங்குகளைக் கழற்றி உனக்கு அனுப்பச் சொல்லி அவனுக்கு எழுது. உன் வேலைக்குத் தேவை என்று சொல், காரணம் வேறு எதுவும் வேண்டாம். பதிலுக்கு அங்கிருந்து ஒரு புதிய செட் அனுப்பு. அளவுகளைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், இரண்டு முறை சரிபார்த்தேன். அக்கா கேட்டாள், கழற்றினேன் என்று அவன் படகுக்காரரிடம் சொல்லிக்கொள்ளட்டும். நீ பட்டறையை விட்டுப் போகும்போது நீங்கள் இருவரும் சண்டையில் பேசிக்கொண்ட பேச்சு எனக்கு மறக்கவில்லை. அவனுக்கும் மறந்திருக்காது. இருந்தாலும் நீ கேட்டு அவன் இல்லை என்று சொன்னதில்லை.

உன்னை வரச் சொல்லி இதை எழுதவில்லை. உன் அறையை வாரம் ஒருமுறை பெருக்குகிறேன், தூசி சேரக் கூடாது என்பதற்காக. வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். நீங்கள் இருவரும் நல்லபடியாக இருக்க வேண்டும், அதற்கு மேல் நான் கடவுளிடம் எதுவும் கேட்பதில்லை.

பந்தயம் அடுத்த மாதக் கடைசியில். கடிதம் போய்வர நாள் இருக்கிறது. போனில் பேசினால் உன் தம்பி மனைவி பக்கத்திலேயே நிற்பாள், நீயும் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அனுப்புகிறாயா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதித் தபாலில் போடு.

அம்மா