டேப்பட் சத்தம் அடங்கிய வாரம்

ஏனுங்க, ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பெட்ரோல் வாசம் போகவில்லை. காலையில் பெட்ரோல் பங்கில் டேங்க் நிறைந்து வழிந்தபோது விரலெல்லாம் நனைந்துவிட்டது. பின்னால் பைக்கில் நின்ற ஒரு தம்பி, "ஏனுங்கம்மா, இத்தன பழைய காருக்கு இப்பத்த பெட்ரோல் ஒத்துக்குதுங்களா?" என்று கேட்டார். நீங்களாக இருந்தால் பானெட்டைத் திறந்து வைத்து வகுப்பே எடுத்திருப்பீர்கள். எனக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை. இப்போது உள்ளே படுத்திருப்பது நம் மகள். மூன்றாம் மாதம்.

அந்தக் காலத்தில், ஈயம் கலந்த பெட்ரோல் நிற்கப்போகிறது என்றதும் தெருவில் கார் வைத்திருந்த அத்தனை பேரும் உங்களைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "என்ஜின் ஒரேடியாப் போயிருமுங்களா?" "பாட்டில்ல விக்கற மருந்த ஊத்தோணுமுங்களா?" நீங்களும் சலிக்காமல் சொன்னீர்கள்: "ஒரே நாள்ல ஒண்ணும் ஆவாதுங்க. ஈயம் எரிஞ்சு, வால்வு உக்கார்ற எடத்துல மெத்தையாப் படியும். அது இல்லீன்னா, பழைய என்ஜின வெரட்டி ஓட்டுனா அந்த எடம் தேயும். புது வண்டிக்கு ஈயந்தான் கேடு, பொகையச் சுத்தம் பண்ற பாகத்தப் பாழாக்கிப்போடும். கொழந்தைகளுக்கும் அந்தப் பொகை ஆவாதுங்க. நின்னா நல்லதுதான்."

ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன், சொந்தக் காரில் ஏமாந்தீர்கள். டிக்கி நிறையக் கம்பெனித் துணியை ஏற்றிக்கொண்டு, ஈயம் இல்லாத பெட்ரோலில் விரட்டு விரட்டென்று விரட்டினீர்கள். ஒரு வாரம், வால்வைத் தட்டும் டேப்பட்டின் வழக்கமான டக்டக் சத்தம் அடங்கிவிட்டது. "கேளு புள்ள, பட்டாட்டம் ஓடுது!" என்று அடுப்படியில் இருந்த என்னை இழுத்து வந்து காட்டினீர்கள். அடுத்த வாரமே குன்னத்தூர் போகிற வழியில், மேடு ஏற முடியாமல் வண்டி திணறி நின்றது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "வால்வு உக்கார்ற எடம் தேஞ்சு, வால்வு உள்ள பதிஞ்சிருச்சுங்க. வால்வுக்கும் டேப்பட்டுக்கும் நடுவுல இருக்கோணும்கற இடைவெளி அடஞ்சுபோச்சு, அதுனாலதான் சத்தம் நின்னுது. நல்லாயிருச்சுன்னு நெனச்சுட்டீங்களாக்கும்?"

தேய்ந்த இடத்தில் கெட்டியான வளையம் வைத்துச் சரிசெய்தார். அதன்பின் இந்தப் பெட்ரோலிலேயே இன்றுவரை ஓடுகிறது. உங்களுக்குத்தான் ரோஷம் தாங்கவில்லை. அன்று திரும்பி வரும்போது சொன்னீர்கள்: "சத்தம் போடறத நம்பலாம் புள்ள. திடீர்னு அடங்குனாத்தான் தொறந்து பாக்கோணும்." நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நேற்று சிரிப்பு வரவில்லை. உண்டானதிலிருந்து நம் மகள் போனில் ஒரே புலம்பல். குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை, சோறு கொதிக்கிற வாசம் ஆகவில்லை என்று தினமும் அழுகை. நேற்றுச் சாயங்காலம் மட்டும், "அம்மா, திடீர்னு வாந்தியே நின்னுபோச்சுங்மா. ஜம்முனு இருக்கறேன்" என்றாள். சம்பந்தியம்மாவும் போனை வாங்கி, "ஒடம்பு பழகிருச்சாட்டமிருக்குதுங்க, நல்லதுதானுங்க" என்றார். எனக்கோ வயிற்றுப் பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் பட்டது. விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு சோமனூரில் அவள் மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமாம்மா?" என்று திருப்பூர் வரும்வரை திட்டினாள். கம்பெனி வேன் ஒன்று குறுக்கே திரும்பியபோது பிரேக்கை ஓங்கி மிதித்தேன். அவள் வயிற்றைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இதுவரை பெஞ்சில் உட்கார்ந்து மனசுக்குள் உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. நர்ஸ் என்னையும் உள்ளே கூப்பிட்டாள்.

டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் திட்டும் நின்றிருந்தது. அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் சதையில் அழுந்தியது. என்னை ஏன் விட்டுவிட்டுக் கண்ணை மூடினீர்கள் என்று உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. டாக்டரம்மா மெஷினில் எதையோ தட்டினார்.

டக்டக்டக்டக்டக்.

அறை முழுக்க அந்தச் சத்தம். "குழந்தையோட இதயத்துடிப்பு நல்லா இருக்குதுங்கம்மா. சில பேருக்கு இப்படி வாந்தி தானாவே நிக்கும். ஆனாலும் கூட்டிட்டு வந்தது நல்லது" என்றார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாத்தீங்களா? சும்மா கெடந்தவளப் பயமுறுத்திட்டீங்க" என்று மறுபடியும் ஆரம்பித்தாள். திட்டட்டும் சாமி, நல்லாத் திட்டட்டும்.

ஏனுங்க, உங்களுக்கும் கேட்டுதுங்களா?