கிரகணத்து மறு

புளியங்கூடல்,
14.8.1967

அன்புள்ள மகளுக்கு,

உமது கன்னத்துச் சிவப்பு மறுவை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர். ஊர்காவற்றுறைக்குப் போய் டாக்குத்தரிடம் விசாரித்தேன். வெட்டிவிட்டுத் தொடைத் தோலை ஒட்டலாமாம். ஆனால் தழும்பு நிற்கும். பவுடர் பூசி மறைக்கலாம். அப்படியே விட்டாலும் கெடுதியில்லை.

ஏன் வந்தது என்றும் கேட்டேன். "தோலுக்குக் கீழை இரத்தக் குழாய் விரிஞ்சிருக்கு, மாஸ்டர். கிரகணமுமில்லை, தாயின்ரை பிழையுமில்லை" என்றார்.

அதை அம்மாவிடம் சொன்னேன். உம்மை வயிற்றில் சுமந்த நாளில், கிரகண நேரத்தில் கிணற்றடிக்குப் போனதை நினைத்து இருபத்துநான்கு வருடமாக அழுகிறவர், அன்று அழவில்லை. "பள்ளிக்கூடத்திலை பந்தும் விளக்கும் வைச்சுக் கிரகணம் படிப்பிச்சனீங்கள். எனக்கு ஒருக்காச் சொல்ல ஏலாமல் போச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

என் தாயார் அவர்மேல் பழி சொன்னபோது மறுத்துப் பேசப் பயந்தேன். பிறகு நானும் பாதி நம்பிவிட்டேனோ தெரியவில்லை.

மறுவை எடுப்பதும் விடுவதும் உமது விருப்பம். அம்மாவின் மனம் ஆறட்டும் என்று மட்டும் எடுக்க வேண்டாம். லீவுக்கு வந்ததும் முதலில் குசினிக்குப் போய், அடுப்படியில் நிற்கும் அவரோடு பேசும். என்னோடு அவர் பேசி மூன்று நாளாகிறது.

இப்படிக்கு,
ஐயா