வலது ஓரத்து வயலின்

பிப்ரவரி 9, ஞாயிறு

மூன்று நாளாகச் சளி. வலது காதில் பஞ்சு அடைத்த மாதிரி. மொன்ட்ரியாலில் பிப்ரவரியில் யாருக்குத்தான் சளி இல்லை?

பிப்ரவரி 11, செவ்வாய்

எங்கள் ஆல்பத்தின் சோதனை இசைத்தட்டு வந்துவிட்டது. நாங்கள் சரி என்றால்தான் மீதி ஐந்நூறையும் அச்சடிப்பார்கள். நாற்பத்து மூன்று நிமிடம், நான்கே உருப்படிகள், பாடுகிற குரல் ஒன்றுகூடக் கிடையாது. ரெமியின் டிரம்ஸ், மரீஸின் வயலின், என் பேஸ் கிடார். எல்லா ஒலியையும் கலந்து சமன் செய்ததும் நான்தான்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது உருப்படியில், பதினோராவது நிமிடம், எல்லாம் சட்டென்று அடங்கும். மரீஸ் மட்டும் வில்லை மெல்ல உரசுவாள், துருப்பிடித்த கதவு முனகுவதுபோல. அதை வலது காதில் மட்டும் கேட்கும்படி வலது ஓரத்தில் வைத்தது நான். என் கையால்.

அது இல்லை. ஏதோ இரைச்சல் மட்டும்.

உடனே ரெமியைக் கூப்பிட்டேன். "தட்டு பழுது. வலது பக்க ஒலி பதியவே இல்ல. அச்சை நிறுத்தச் சொல்லு."

அவனிடமும் ஒரு தட்டு இருந்தது. கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். "நல்லாத்தானேடி இருக்கு! அந்த வயலின் வர்ற இடத்துல எனக்குப் புல்லரிக்குது. உனக்கென்ன, காது செவிடாப் போச்சா?"

சிரித்தான். நானும் சிரித்தேன்.

பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி இடம் வலம் மாற்றி மாட்டினேன். வயலின் வந்தது. இடது காதில்.

அப்புறம் எழுதறேன்.

பிப்ரவரி 12, புதன்

"ஹெட்ஃபோன் வயர் போயிருக்கு, தட்டு சரியாத்தான் இருக்கு" என்று ரெமிக்குச் செய்தி அனுப்பினேன். பதினாலு வருஷத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய்.

பிப்ரவரி 13, வியாழன்

காது டாக்டர் லக்காஸ் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இடது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம் நீண்ட அமைதி. எப்போதுதான் வலது காதை ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன்.

முடிந்துவிட்டது என்றார்.

"முதல் நாளே வந்திருக்கணும் ஒடீல். ஒரு வாரம் போயிடுச்சே."

"சளின்னு நினைச்சேன் டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. ஆனா இது காது நரம்புல வந்த பாதிப்பு. மாத்திரை தர்றேன். செவிப்பறை வழியா ஊசியும் போடலாம். சிலருக்குத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது."

நான் எந்தச் சிலர்?

பிப்ரவரி 17, திங்கள்

முதல் ஊசி. தலை சுற்றி வாந்தி. வலது காதில் ஃபிரிட்ஜ் ஓடுவதுபோல் ஓயாத இரைச்சல். ஆல்பத்தை எடுக்கவே பயம். இன்னொரு காதும் போனால்?

பிப்ரவரி 22, சனி

காலையில் மரீஸோடு காபிக் கடைக்குப் போனேன். பாதி வழியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். முகம் சிவந்திருந்தது.

"என் மேல என்ன கோவம் உனக்கு? மூணு தடவை கேக்கறேன், பதிலே சொல்லாம நடக்கறியே!"

என் வலது பக்கமாக நடந்து வந்திருக்கிறாள்.

சேறான பனியில் நின்று அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டி, காதுகள் மூடும்படி இழுத்துவிட்டாள்.

"ரெமிகிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"வேற ஆளைத் தேடிட்டான்னா?"

"தெரியல. அவன் மனசு எனக்கு எப்படித் தெரியும்?"

பொய்யாவது சொல்லியிருக்கலாம் இவள்.

மார்ச் 3, திங்கள்

கடைசி ஊசி.

மார்ச் 7, வெள்ளி

மறுபடி அந்தக் கண்ணாடி அறை. கேட்கும் திறனைக் காட்டும் கோடு, காகிதத்தில் முன்பு இருந்த இடத்திலேயே. டாக்டர் பேனாவை மூடினார். "இனிமே மாறாது. இடது காதைப் பத்திரமா வச்சுக்கோங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், தைரியம் போவதற்குள், ரெமிக்குப் போன் செய்தேன். சொன்னேன். ஹெட்ஃபோன் வயர் என்றது பொய் என்பதையும் சொன்னேன். "சரி" என்றான். வைத்துவிட்டான்.

சரின்னா என்ன அர்த்தம்? ஏப்ரலில் எங்கள் மேடைக் கச்சேரி. சரின்னா என்ன?

மார்ச் 12, புதன்

அவனிடமிருந்து ஒன்றுமில்லை. நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பயிற்சி இரண்டு மணிக்கு. போகாமலே இருந்துவிடலாமா என்று பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டேன்.

பயிற்சி அறைக் கதவைத் திறந்தேன். ஜன்னலோரம் ஒன்பது வருஷமாக அசையாமல் கிடந்த டிரம்ஸ் அங்கே இல்லை; தரையில் அதன் கால் பதிந்த வட்டங்கள் மட்டும். மொத்தமும் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. மரீஸின் நாற்காலியும் கூட. நான் நிற்கிற இடத்துக்கு இப்போது எல்லாமே இடது பக்கம்.

ரெமி தரையில் மண்டியிட்டு வயர்களை ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ஜன்னல் பக்கம் முதுகுல குளிர் அடிக்குது. அதான் மாத்திட்டேன். லேட்டா வந்துட்டு நிக்கறா பாரு — கோட்டைக் கழட்டு, ஆரம்பிக்கலாம்."

கழற்றினேன்.